பாலத்தில் இறங்கும்போது எரிந்த விளக்கு

போன மாதம் எங்கள் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். பழைய காரின் டேஷ்போர்டு. வேகமுள்ளுக்குக் கீழே சிவப்பு வட்டம், அதற்குள் ஆச்சரியக்குறி. 'பிரேக் லைட் அணைய மாட்டேங்குது. ஸ்கேனர் போட்டா ஒண்ணும் காட்டல. பழைய வண்டி. என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. 'பல்பைக் கழட்டிருங்க ப்ரோ.' அதற்குப் பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். குழுவில் போடுகிற அளவில் அடங்குகிற விஷயமாக அது இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. ஜாப் கார்டில் 'பிரேக் சரி பார்க்கப்பட்டது' என்று முப்பத்தெட்டு வருடம் எழுதியதுதான் என் இலக்கியம். அதிலும் ஒரு முறை பொய் எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். ஒர்க்‌ஷாப்பில் என் பெயர் கருப்பையா என்பதை ரொம்பப் பேர் மறந்தே போனார்கள். 'ஏலே பயந்தாங்கொள்ளி, அந்த ஜாக்கியக் கொண்டா' என்றால் நான்தான் போவேன். ஜாக்கி போட்ட வண்டிக்கு அடியில் கல் வைக்காமல் நான் தலையைக் கொடுத்ததில்லை. ஒரு நட்டை முடுக்கிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். கேலி செய்தவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. இன்ஜின் மெக்கானிக் தப்பு செய்தால் வண்டி நின்றுவிடும். பிரேக் மெக்கானிக் தப்பு செய்தால் வண்டி நிற்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். அய்யாவுக்கு மிளகாய்க் காடு. அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை ஏமாற்றியதும், தெரிந்தவர் ஒருவர் மூலமாக என்னை மண்டபத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டார். அதுவரை கடலை நான் பார்த்ததில்லை. முதல் மூன்று வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், ட்ரம் துடைத்தேன், உப்புக்காற்றில் உதடு வெடித்துத் திரிந்தேன். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லாரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

ஒர்க்‌ஷாப் சேவியர் அண்ணனுடையது. முதலாளியும் அவர்தான், ஃபோர்மேனும் அவர்தான். தங்கச்சிமடத்துக்காரர். பேச்சு குறைவு. யாரையும் திட்டமாட்டார், அது திட்டுவதைவிட மோசமாக இருக்கும். பிரேக் புகாரோடு ஒரு வண்டி வந்தால் அவர் பானெட்டைத் திறக்கமாட்டார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறுவார். இன்ஜினை ஓடவிட்டு, வெறுங்காலால் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஒரு முழு நிமிடம். பெடல் அப்படியே நின்றால் ஒரு கதை, காலுக்கடியில் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் வேறு கதை. செருப்புப் போட்ட காலுக்கு அது மெல்லத் தாழ்வது தெரியாது என்பார். பிறகு இறங்கி, வண்டிக்காரரிடம் 'எப்பப்ப இப்படி ஆகுது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பாம்பன் பாலம் கொஞ்ச தூரம்தான். பிரேக்கில் கை வைத்தவன் எவனோ, அவனே அந்த வண்டியைப் பாலத்தில் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி, திரும்பவும் ஏறி இறங்கிக் கொண்டுவர வேண்டும். சேவியர் அண்ணன் பக்கத்து சீட்டில் வருவார். நடுவில் மேடாகி இரண்டு பக்கமும் சரிகிற பாலம் அது. ஒரு பிரேக் எப்படி இருக்கிறது என்று காட்ட அதைவிட வேறு இடம் வேண்டாம்.

நான் முதன்முதலில் தனியாக பிரேக் வேலை செய்தது ஒரு மீன் வேனுக்கு. பாலத்தின் உச்சி வரை ஓட்டிப் போய்விட்டேன். அங்கே போனதும், பின் சக்கர பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிய பிறகு அதற்கான நிப்பிளை, அந்தச் சின்னத் திருகை, முடுக்கினேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. சட்டை நனைந்துவிட்டது. ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

"என்னலே?"

"அண்ணே, நிப்பிள முடுக்குனேனான்னு ஞாபகம் இல்ல."

"இறங்கிப் பாரு."

பாலத்தின் நடுவில், காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போக, மல்லாந்து வேனுக்கடியில் போனேன். கீழே கடல் சத்தம் காதுக்குள் வந்தது. நிப்பிள் கல்லு மாதிரி இறுகியிருந்தது. முடுக்கித்தான் இருக்கிறேன். எழுந்து வந்து சொன்னேன். மறுநாளிலிருந்து வருகிற பிரேக் வேலை எல்லாம் என்னிடம் வந்தது. என் பயத்துக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

இப்போது அந்தச் சிவப்பு விளக்குக்கு வருகிறேன். பழைய கார்களில் அது எரிவதற்குக் காரணங்கள் ரொம்பக் கிடையாது. ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்காமல் இருக்கலாம், அல்லது லிவருக்கு அடியில் உள்ள ஸ்விட்ச் கெட்டிருக்கலாம். எங்கள் கரையில் உப்புக்காற்று பட்டு அந்த ஸ்விட்ச் அடிக்கடி துருப்பிடிக்கும். அது இல்லையென்றால் பிரேக் ஆயில் குறைந்திருக்கும். ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை உண்டு, ஆயில் இறங்கினால் மிதவையும் இறங்கி விளக்கைப் போடும். இரண்டுக்கும் ஒரே விளக்குதான். ஒன்று வெறும் ஸ்விட்ச் கோளாறு, இன்னொன்று ஆளைக் கொல்லும். எது என்று விளக்கு சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

ஹமீது பாய் பாம்பன்காரர். அவருடைய வாப்பா காலத்தில் வத்தை என்கிற மரப்படகு வைத்து மீன் பிடித்த குடும்பம். இவர் வளைகுடாவில் இருபது வருடம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பி, ஒரு பழைய டீசல் காரை வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவி ஜீனத் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாளும் ராமநாதபுரத்துக்குப் போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். காலையில் போய் மதியம் இரண்டரை வாக்கில் திரும்புவார்கள். ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். பஸ்ஸில் போகிற உடம்பு இல்லை. அந்தக் காரும் அந்தப் பாலமும்தான் அவர்களுக்கு வழி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தனியாக வந்தார்.

"கருப்பையா தம்பி, இந்தச் செவப்பு லைட்டு எரியுது. எப்பவும் இல்ல. பாலத்துல இறங்கையில எரியும், கீழ வந்தா அணைஞ்சிரும்."

இந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் இருந்தது. சரிவில் வண்டியின் முகப்பு தாழ்கிறபோது டப்பாவுக்குள் ஆயில் முன்பக்கம் சாயும். அளவு சரியாக இருந்தால் மிதவைக்கு ஒன்றும் ஆகாது. அளவு குறைந்து விளிம்பில் நின்றால்தான் விளக்கு எரியும். பாலம் அவருக்கு ரசமட்டம் வைத்துக் காட்டியிருக்கிறது. நான் காதில் வாங்கவில்லை. சரிவில் ஹேண்ட் பிரேக் லிவர் ஆடுகிறது போல என்று நானே முடிவு கட்டினேன். லிவரைப் பிரித்தேன். ஸ்விட்ச் துருப்பிடித்துப் பச்சையாக இருந்தது. 'பார்த்தீகளா பாய்' என்று காட்டினேன். ஒரு தப்பை நியாயப்படுத்த ஒரு சாட்சி கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு வருகிற சந்தோஷம் பெரிது. ஸ்விட்சை மாற்றினேன். ஹேண்ட் பிரேக் கேபிளும் இறுகிப் போயிருந்தது, அதையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு ஓடவிட்டேன். கடைசியில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பினேன்.

ஊற்றியதுதான் நான் செய்த குற்றம். கையில் இருந்த ஒரே தடயத்தை நானே மூடி வைத்தேன்.

வண்டியைத் தூக்கி அடியிலும் பார்க்கத்தான் செய்தேன். குனிந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அடித்தளம் முழுக்கக் கன்னங்கரேலென்று பிசுபிசுப்பு. வாடை குடலைப் பிரட்டியது.

"என்ன பாய் இது?"

"சொறா எண்ணெய் தம்பி. வீடு கடலுக்குப் பக்கத்துல. துரு அரிச்சிரக் கூடாதுல்ல. எங்க வாப்பா வத்தைக்கு இதத்தான் பூசுவாக. மரமே இருவது வருசம் நிக்கும்னா இரும்புக்கு என்ன?"

மர வத்தைக்குச் சுறா எண்ணெய் பூசுவது கரையில் வழக்கம். காருக்குப் பூசியவரை நான் அப்போதுதான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிரேக் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய்க்கு அந்த எண்ணெய் ஆகாது, ஊறிப்போய் உப்பிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் மனுஷர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, பக்கத்தில் நின்ற ஆட்கள் வேறு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் "நல்லதுதான் பாய், துரு பிடிக்காது" என்று சொல்லிவிட்டேன். பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. எப்படி எரியும், நான்தான் நிரப்பிவிட்டேனே. ஜாப் கார்டில் 'பிரேக் சரி பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்ன பொய் இதுதான்.

சரியாக மூன்று வாரம். அதே புகாரோடு திரும்ப வந்தார். டப்பாவில் ஆயில் இறங்கியிருந்தது. இந்தத் தடவை முன் சக்கர பிரேக் பேட் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். பேட் தேய்ந்தால் ஆயில் அளவு இறங்கும் என்பது உண்மைதான். பேடை மாற்றினேன், மறுபடியும் நிரப்பினேன். சேவியர் அண்ணனுக்கு அப்போது முட்டி போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், காலை மடக்கிக் காருக்குள் ஏற முடியாது. அங்கிருந்தே கேட்டார்.

"ஏலே கருப்பையா. அந்த ஆயிலு எங்கலே போச்சு?"

"பேட் தேஞ்சிருந்துச்சுண்ணே."

"பேட் தேஞ்சா இம்புட்டு இறங்குமா? மூணு வாரத்துலயா?"

"அடியில பாத்துட்டேண்ணே. சொட்டு இல்ல."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்ன தெரியும் இவருக்கு என்று நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அவரிடம் வேலை செய்தவன் நினைக்கிற நினைப்பா அது. சொட்டு இல்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. சுறா எண்ணெயே சொட்டிக்கொண்டிருந்த அடித்தளத்தில் பிரேக் ஆயில் எது, மீன் எண்ணெய் எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

அதற்கப்புறம் ஹமீது பாய் வரவில்லை, போனில் கேட்டார். மறுபடி எரிகிறது, வியாழக்கிழமை போயே ஆக வேண்டும், என்ன செய்ய என்று. நான் மதியச் சோற்றில் இருந்தேன். "ஒரு பாட்டில் வாங்கி வச்சிக்கங்க பாய், கோடு வரைக்கும் ஊத்துங்க, அணைஞ்சிரும். தோது பட்டப்ப வண்டியக் கொண்டாங்க" என்றேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். எரியும்போதெல்லாம் ஊற்றினார். 'பல்பைக் கழட்டிருங்க ப்ரோ' என்று எழுதியவரை நான் எப்படித் திட்டுவது? பல்பைக் கழற்றுவதும் நான் சொன்ன யோசனையும் ஒன்றுதான். என்னுடையதில் கொஞ்சம் செலவு கூட.

அடுத்த திங்கட்கிழமை மதியம், ராமநாதபுரத்திலிருந்து திரும்புகிற வழியில் வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. விளக்கு இப்போது அணையாமலே எரிகிறது என்றார். பின் சீட்டில் ஜீனத் அக்கா சாய்ந்து கிடந்தார். மிஷினிலிருந்து வருகிற நாளில் அவருக்குத் தலை தூக்காது. கையில் பெரிய பிளாஸ்திரி. அவரை வெயிலில் காக்க வைக்கக் கூடாது என்று, நான் டப்பாவைத் திறந்து ஆயிலை ஊற்றினேன். விளக்கு அணைந்தது.

"போங்க பாய், நாளைக்கிக் கொண்டாங்க" என்றேன்.

நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது.

"தொட்டேல்ல? நீயே ஓட்டிட்டுப் போ."

சட்டம் சட்டம்தான். ஆயில் ஊற்றினதும் பிரேக்கில் கை வைத்ததுதான் என்பது அவர் கணக்கு. முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறினேன். ஹமீது பாய் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏற்றத்தில் ஒன்றுமில்லை. உச்சியில் வழக்கம்போல டூரிஸ்ட் கூட்டம். இரண்டு வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ரோட்டிலேயே நின்று கடலையும் ரயில் பாலத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேன் சட்டென்று முன்னால் வந்தது. பிரேக்கை அழுத்தினேன், நின்றது. ஆனால் அழுத்திய காலுக்கடியில் ஏதோ ஒன்று 'களுக்' என்று விட்டுக் கொடுத்தது. அன்றைக்கு நான் செருப்புப் போட்டிருந்தேன். அப்படியும் எனக்குத் தெரிந்தது.

சரிவில் இறங்க ஆரம்பித்ததும் சிவப்பு விளக்கு வந்தது. ஊற்றிப் பத்து நிமிடம் ஆகவில்லை. பெடலை மிதித்தேன். பாதி வரை காற்றை மிதித்த மாதிரி போனது. அதற்குக் கீழே கொஞ்சம் பிடித்தது, பிடித்த மாதிரி இருந்தது, வண்டி நிற்கவில்லை. இன்னொரு தடவை மிதித்தேன். இன்னும் ஆழமாகப் போனது. எதிரே, சரிவின் பாதியில், ஒரு குடும்பம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. அப்பா ரோட்டின் நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். சின்னப் பெண் பிள்ளை ஒன்று சுவருக்கும் அவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பஸ்.

எனக்கு அப்போது வந்த பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது. பக்கத்தில் ஹமீது பாய்க்கு அதற்குள் புரிந்துவிட்டது. அவரும் டிரைவர் அல்லவா. "அல்லா" என்று ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டு, என் கையைத் தொடாமல், தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் கும்பிட வேண்டும்.

மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். இன்ஜின் கத்தியது. ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடியே இடது கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தேன். பட்டனை அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் இறுகி வண்டி சுற்றிவிடும். இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். அந்த அப்பா திரும்பிப் பார்த்துப் பிள்ளையை அள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டினார். அவர் சட்டையில் காற்று பட, அவரைக் கடந்து போனோம். சரிவு முடிந்து, பாம்பன் பக்கம் தரை சமமாகிற இடத்தில் வண்டி மெல்ல நின்றது. கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன்.

ஆறு வாரத்துக்கு முன் நான் தப்பாகக் கண்டுபிடித்து, தேவையில்லாமல் கழற்றி, கிரீஸ் போட்டு ஓடவிட்ட ஹேண்ட் பிரேக் கேபிள்தான் எங்களைக் காப்பாற்றியது. இதில் நான் மார் தட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே நாளில் நான் சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் கேபிளுக்கு வேலையே வந்திருக்காது.

ஆட்டோ வரும் வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். ஜீனத் அக்கா தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அவருக்கு அளந்துதான் குடிக்கக் கொடுப்பார்கள். அந்த அளவிலிருந்து எனக்குக் கொடுத்தார்.

"தம்பி, இந்தச் செவப்பு லைட்டு எதுக்கு எரியுதுன்னு பாக்கவே இல்லையா?"

"பாத்தேன்க்கா. ஆயில் குறைஞ்சிச்சு, ஊத்துனேன்."

"எனக்கு மிஷின்லயும் ஒண்ணு எரியும். எரிஞ்சா கீக்கீன்னு கத்தும். அந்த நர்ஸ் புள்ள மொதல்ல வந்து சத்தத்த அமத்தும். அமத்திட்டுப் போயிறாது. எங் கையிலருந்து மிஷின் வரைக்கும் டியூப்ப விரல்ல பிடிச்சிக்கிட்டே போகும். எங்கனயாச்சும் மடங்கியிருக்கும். மடங்கின எடம் கையில ஆம்புட்டாத்தான் நகரும்."

அவர் குத்திக் காட்டவில்லை. நடப்பதைச் சொன்னார். எனக்குத்தான் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். வேறு யாரையும் தொட விடவில்லை. சோப்புத் தண்ணீரும் பழந்துணியும் வைத்துக்கொண்டு அடியில் படுத்தேன். பெடலுக்கு முன்னாலுள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஆரம்பித்து, பிரேக் பைப்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். கண்ணை நம்பவில்லை. ஒவ்வொரு சாணுக்கும் துடைப்பது, விரலில் பட்டதைத் தனியாக வைத்த நல்ல தண்ணீரில் நனைப்பது. மீன் எண்ணெய் தண்ணீரில் ஒட்டாது, முத்து முத்தாக நிற்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்து போய்விடும். அந்தச் சின்னச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். பாதி நாள் ஆனது. டீசல் டேங்குக்கு மேலே, பைப்பைப் பிடித்திருந்த ஒரு கிளிப்புக்கு அடியில் விரல் நனைந்தது. தண்ணீரில் வைத்தேன். கரைந்தது.

கிளிப்பைக் கழற்றினேன். பைப் மக்கிப்போய், நடுவில் கிழிந்திருந்தது. பாலத்து உச்சியில் 'களுக்' என்றது இதுதான். சுறா எண்ணெய் கிளிப்புக்கு உள்ளே போகவில்லை. வெளியே பிசுபிசுப்பில் மணல் ஒட்டி, மணலில் உப்பு ஈரம் தங்கி, கிளிப்புக்கு அடியில் பைப்பை அரித்துவிட்டது. மிஷினுக்குப் போகாத நாளில் அக்காவுக்குக் காற்று வாங்கட்டும் என்று பாய் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போவார், அங்கே ரோட்டில் மணல் பறக்கும். மயிரிழை ஓட்டை ஒன்று நாளுக்குக் கொஞ்சமாகக் கசிந்தது. கசிந்ததை எண்ணெய் மறைத்தது. குறைந்ததை நான் நிரப்பினேன். முன் சக்கர ஹோஸ்களும் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தன. அதனால்தான் வேறு பைப் வழியாகப் போகிற, மிச்சமிருந்த பாதி பிரேக்கும் பிடிக்கவில்லை.

பழைய பைப் துண்டைச் சேவியர் அண்ணனிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இங்கன போயிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

எல்லா பைப்பும் ஹோஸும் புதிதாகப் போட்டேன். வண்டியைக் கொடுக்கும்போது ஜீனத் அக்காவும் வந்திருந்தார். சாவியைத் திருப்பினால் அந்தச் சிவப்பு விளக்கு முதலில் எரிய வேண்டும், இன்ஜின் ஓடி ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அணைய வேண்டும், எரியாவிட்டாலும் ஆபத்து, அணையாவிட்டாலும் ஆபத்து என்று இருவருக்கும் காட்டினேன். அன்றிலிருந்து அவர் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, 'எரிஞ்சிச்சு, அணைஞ்சிச்சு, கெளம்புங்க' என்று சொன்னால்தான் பாய் வண்டியை எடுப்பாராம்.

என் பயத்துக்கு ஒரு ஏற்பாடும் ஜீனத் அக்காதான் செய்தார். திங்கள், வியாழன் மதியம், பாலம் தாண்டிப் பாம்பனில் இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் எடுக்கக் கூடாது. மணி அடித்து நின்றால் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று பொருள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. இரண்டரை மணிக்கு அந்த மணி அடித்த பிறகுதான் அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட உட்காருவேன். தாமதமானால் என் வீட்டுக்காரி சோற்றை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

போன வருடம் ஜீனத் அக்கா இறந்துபோனார். வண்டியில் அல்ல, பாலத்தில் அல்ல. வீட்டில், காலையில், படுத்தபடி. நான் போயிருந்தேன். முற்றத்தில் அந்தக் கார் நின்றது. ஹமீது பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டிய நிப்பாட்டியே வச்சிராதீக பாய், உப்புக்காத்துல பிரேக்கு பிடிச்சிக்கிரும், வாரத்துல ரெண்டு தடவையாச்சும் ஓட்டுங்க" என்றேன். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம், திங்கட்கிழமை. சாப்பிட உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி. போன் அடித்தது. திரையில் 'ஜீனத் அக்கா' என்று இருந்தது. இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டது.

சோற்றுக் கையோடு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தில் பெடல் கீழே போனபோது வந்த அதே பயம். கை கழுவிவிட்டு வந்து, முதன்முறையாக அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டேன்.

ஹமீது பாய் எடுத்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா ராமநாவரம் வரைக்கும் போயிட்டு வந்தேன். நிப்பாட்டி வச்சா பிரேக்கு பிடிச்சிக்கிரும்னு நீங்கதான சொன்னீக."

தட்டின் முன்னால் திரும்ப உட்கார்ந்தேன்.

"லைட்டு எரிஞ்சிச்சா பாய்?"

"எரிஞ்சிச்சு" என்றார். "அணைஞ்சிச்சு. நீங்க சாப்பிடுங்க."